கோல் வரட்டும்

அது நிக்காது அண்ணாச்சி. மதுரைக்குப் போற பஸ், நேரா போறது, இங்கெல்லாம் நிக்காது. கையைக் காட்டாதிய. அடுத்து ஒண்ணு வரும், அது நிக்கும். அதுவரைக்கும் இப்படி நிழல்ல உக்காருங்க, வெயில் ஏறிட்டு.

நிறுத்தற மாதிரிதான் வந்தான்னு சொல்லுதியளா? இல்ல, அது வேகத்தடைக்கு மெதுவாக்கினான். நான் இந்த ஊர்க்காரன், எனக்குத் தெரியாதா.

ஒரு டீ சொல்லட்டுமா? வேண்டாமா, சரி. கோவத்துல இருக்கிய. இருக்கும்லா. திருச்சியில இருந்து ராத்திரி பூரா பஸ்ல உக்காந்து வந்திருக்கிய. பொன்மலை ரயில்வே பட்டறையில நாப்பது வருசம் கொதிகலனோட மல்லுக்கட்டின மனுசன். ஃபிட்டர் செங்கோலம்னா தெரியாத ஆளு கிடையாதுன்னு சொன்னதாலதான் நம்பர் தேடிப் பிடிச்சு உங்களைக் கூப்பிட்டேன். வந்தவரை ஒரு வாய் காப்பி குடிக்க விடாம அனுப்புதோம்.

ஆனா நீங்க சொன்னதை நான் காதால கேட்டேன். எஞ்சினைச் சுத்தி நடந்தியளா, சுத்தியலை எடுத்துத் தட்டிப் பாத்தியளா, அடுப்புக்குள்ள தலையை விட்டு டார்ச் அடிச்சுப் பாத்தியளா, வெளிய வந்து கையைத் துடைச்சுக்கிட்டு என்ன சொன்னிய? "காப்பாத்திரலாம்"னு சொன்னிய. குழாய்க்குள்ள இருக்கிற சேறு காஞ்சு கல்லாகறதுக்கு முன்னாடி எடுத்துட்டா காப்பாத்திரலாம், பத்துப் பேரு கை வேணும்னிய. பொறவு "ஆளு எங்க?"ன்னு கேட்டிய. நான் வருவாங்கன்னு சொன்னேன். நீங்க ஷெட்டைச் சுத்திப் பாத்திய. மூலையில ஒருத்தர் குனிஞ்சு சேறு அள்ளிட்டு இருந்தாரு. அவரு ஒருத்தர்தான். நீங்க பையை எடுத்துத் தோள்ல மாட்டிட்டு நடந்துட்டிய.

பத்துப் பேரு இல்ல அண்ணாச்சி, எங்களுக்கு முப்பத்தி நாலு பேரு உண்டு. சம்பளத்துக்கு இல்ல, எல்லாரும் ஆசைக்கு வந்தவங்க. சர்க்கரை மில்லு மூடி வருசக்கணக்கா கிடந்த எஞ்சினை, கரும்பு ஏத்திட்டு வந்த அந்தச் சின்னத் தண்டவாளத்தை, நாங்கதான் புதரை வெட்டித் தோண்டி எடுத்தோம். மருந்துக்கடைக்காரர், தபால் ஆபீஸ்ல இருந்து ரிட்டயர் ஆனவர், பாலிடெக்னிக் பையங்க, எல்லாரும் ஞாயித்துக்கிழமை ஆனா கரியைப் பூசிக்கிட்டு நிப்பாங்க. மில் ஷெட்டுல கிளம்பி, மேட்டுல கால்வாய்க்கரை வரைக்கும் போயிட்டுத் திரும்பும். மூணாம் நம்பர் எஞ்சின், பின்னால ரெண்டு பெட்டி. தூத்துக்குடியில இருந்தெல்லாம் பிள்ளைகளைக் கூட்டிட்டு வருவாங்க. பாதிப் பேரு கரித்தூள் கண்ணுல விழுந்து அழுதுகிட்டுத்தான் இறங்குவாங்க. ஆனாலும் அடுத்த வாரம் வருவாங்க.

நான் சங்கத்துச் செயலாளர். கோமதிநாயகம்னு போன்லயே சொன்னேன். ரயில்வே பரிட்சை ரெண்டு தடவை எழுதினேன், கிடைக்கலை. பத்திர ஆபீஸ்ல குப்பை கொட்டினேன். ஆனா ரயில்வே விதிப் புத்தகம் பூராவும் எனக்கு மனப்பாடம். நீங்க எங்க வேணும்னாலும் கேளுங்க, சொல்லுதேன்.

சரி, இப்ப வேண்டாம்.

இன்னைக்கு நான் எதுக்கு உங்க பின்னாடி ஓடி வந்தேன்னா, மில்லு இடத்தைக் கையில வச்சிருக்கிற அதிகாரி கறாராச் சொல்லிட்டாரு. தை முடியறதுக்குள்ள மூணாம் நம்பர் ஆவி விட்டுச்சுன்னா இருக்கட்டும், இல்லைன்னா பழைய இரும்புக்காரன் லாரியோட வருவான். வெள்ளத்துல முங்கின எஞ்சின் எதுக்குங்காரு. அவரைச் சொல்லிக் குத்தமில்ல. பாத்தா அப்படித்தான் இருக்கு. சிம்னி வரைக்கும் சேறு. பெட்டி ஒண்ணு கவுந்து கிடக்கு, இன்னொண்ணு கருவேலங்காட்டுல போய்ச் செருகிட்டு. தண்டவாளம் அந்தரத்துல தொங்குது. நீங்க ஒருத்தர் நின்னா, "ஃபிட்டர் வந்துட்டாரு, வேலை நடக்குது"ன்னு நான் அவருகிட்ட சொல்லலாம். ஆளுங்களும் வருவாங்க.

ஏன் வரலைன்னு கேக்கியளா? கேக்கலையா? நான் சொல்லுதேன். நீங்க நடுநிலையான ஆளு, வெளியூர். கேட்டுட்டு, தப்பு யாருதுன்னு நீங்களே சொல்லுங்க.

உங்க பெரிய ரயில்வேல ஒத்தைத் தடத்துக்கு டோக்கன் உண்டுல்லா, இரும்புப் பந்து, அதை வளையத்துல வச்சு டிரைவர் கையில குடுப்பாங்க. அது கையில இல்லாம வண்டி அடுத்த ஸ்டேஷனுக்குக் கிளம்பாது. அதே சட்டம்தான் எங்களுக்கும். பந்து கிடைக்கலை. மில்லுல கிடந்த பித்தளைக் குழாயை முழ நீளத்துக்கு அறுத்து, ரெண்டு பக்கமும் மூடி போட்டு, "மில் - மேடு"ன்னு எழுத்து வெட்டி, நான்தான் செஞ்சேன். கோல்னு பேரு வச்சேன். கோல் டிரைவர் கைக்கு வந்தாத்தான் வண்டி நகரணும். சங்கத்துல நான் எழுதின முதல் விதி அது.

மாசானம் கேட்டாரு. மாசானம் எங்க டிரைவர், மில்லு ஓடின காலத்துல இருந்து அந்த எஞ்சினை ஓட்டினவரு. "இருக்கிறதே ஒரு எஞ்சின், எதிர்ல என்னவே வந்து முட்டப் போகுது, எருமை மாடா?"ன்னு கேட்டாரு. எல்லாரும் சிரிச்சாங்க. நான் சிரிக்கலை. முட்டறதுக்காக இல்லவே, ஒழுங்குக்காகன்னேன். ஒரு தடவை பெயின்ட் அடிக்கணும்னு எஞ்சினை ஷெட்டுல இருந்து வாகை மரத்து நிழலுக்கு நகத்திட்டாரு. கோல் இல்லாம. பத்தடி தூரம் இருக்கும். ஒரு மாசம் எஞ்சின் பக்கம் வரக்கூடாதுன்னு நிறுத்தி வச்சேன். வேற டிரைவர் கிடையாது, அந்த ஒரு மாசமும் வண்டி ஓடலை. கூட்டம் வந்து வந்து திரும்பிப் போச்சு. மாசானம் வேலிக்கு வெளிய நின்னு பாத்துட்டுப் போவாரு. எனக்கும் கஷ்டமாத்தான் இருந்துது. ஆனா அதுக்குப் பொறவு ஒருத்தன் கோல் இல்லாம ஒரு அடி நகத்தினது கிடையாது.

வண்டி கிளம்பற நேரத்துல டிரைவர் "போலாமா?"ம்பாரு. நான் "கோல் வரட்டும்"பேன். பொறுன்னு அர்த்தம். சொல்லிச் சொல்லி அது ஊர்ப்பேச்சா ஆயிட்டு. டீக்கடையில டீ கேட்டா, "கோல் வரட்டும்"பான். கல்யாண வீட்டுப் பந்தியில இலை போட்டுச் சோறு வரலைன்னா, "கோல் வரட்டும்வே"ம்பாங்க. என்னைக் கேலி பண்ணத்தான். பண்ணட்டும். ஆனா ஒண்ணை நீங்க மனசுல வாங்கிக்கணும் அண்ணாச்சி. அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்னு ஊருக்கே தெரியும். பொறு. அம்புட்டுத்தான்.

ஜெபமணி டீச்சருக்கும் தெரியும்.

அவியதான் மில் ஸ்டேஷனுக்குப் பொறுப்பு. பள்ளிக்கூடத்துல இருந்து ஓய்வு வாங்கின மறுவாரமே வந்து சேந்தாவ. பச்சைக்கொடியைப் புடிச்சுக்கிட்டு நிப்பாவ பாருங்க, வண்டியில ஏறினவன் பேசமாட்டான், வகுப்புல உக்காந்த மாதிரி இருப்பான். கோலை ரெண்டு கையாலயும் ஏந்தி மாசானத்துகிட்ட குடுப்பாவ, கூட்டம் கைதட்டும். நல்ல பொம்பளை. ஆனா ஒரு பழக்கம். சனிக்கிழமை சாயங்காலம் கோலை வீட்டுக்குக் கொண்டு போயிருவாவ. புளி போட்டு விளக்கித் தங்கம் மாதிரி ஆக்கி ஞாயித்துக்கிழமை காலையில கொண்டு வருவாவ. கோல் ஸ்டேஷனை விட்டு வெளிய போகக்கூடாது டீச்சர்னு நான் சொன்னேன். "அழுக்குக் கோலை நான் டிரைவர் கையில குடுக்கமாட்டேன் சார்"னுட்டாவ. விட்டுட்டேன். தப்பு அங்கதான் ஆரம்பிச்சுது. நான் சொல்லலை, விதி சொல்லுது.

அன்னைக்கு ஞாயித்துக்கிழமை. முந்தின நாள் புடிச்ச மழை விடலை. மாசானம் விடியறதுக்கு முன்னாடியே வந்து அடுப்பு மூட்டிட்டாரு, கிறிஸ்துமஸ் வருதுன்னு அன்னைக்கு விசேஷ வண்டி விடறதா இருந்தோம். காலையில போன் பண்ணினாரு. "ஆத்துல தண்ணி ஏறுதுவே. ஷெட்டு வாசலுக்கு வந்துட்டு. ஆவி நிக்குது. எஞ்சினை மேட்டுக்குக் கொண்டு போயிரட்டுமா?" அப்படின்னாரு.

நான் கேட்டேன், "கோல் இருக்கா?"

"டீச்சர் வீட்டுல இருக்கு."

"கோல் வரட்டும்"னேன்.

அவரு போனை வச்சுட்டாரு. நீங்க நினைக்கிறது தெரியுது. கோல் இல்லைன்னா என்ன, கிளப்பிட்டுப் போகவேண்டியதுதானேன்னு நினைக்கிய. எல்லாரும் அதைத்தான் சொல்லுதாவ. அந்த நேரத்துல ஆத்துத் தண்ணி இம்புட்டு வரும்னு யாருக்குத் தெரியும்? டிவியில சொன்னானா? நான் டவுன்ல என் வீட்டுல இருக்கேன், தெருவுல முழங்காலுக்குத் தண்ணி, வெளிய கால் வைக்க முடியலை. ஷெட்டுல என்ன நிலவரம்னு நான் எப்படிப் பாக்க? தெரியாதப்ப விதிப்படி போகணும். விதி அதுக்குத்தான் இருக்கு.

பொறவு டீச்சர் கூப்பிட்டாவ. அவிய வீடு ஓடைக்கு அந்தப் பக்கம். வரணும்னா தரைப்பாலம் தாண்டணும். "சார், மாசானம் அண்ணன் கோல் கேக்காரு. தரைப்பாலத்துல தண்ணி போகுது. நான் என்ன செய்யட்டும்?"னு கேட்டாவ.

நான் என்னைக்கும் சொல்றதைத்தான் சொன்னேன். "கோல் வரட்டும் டீச்சர்."

அம்புட்டுத்தான். அதோட போன் செத்துட்டு. ஊர் பூராவும் செத்துட்டு.

நீங்களே சொல்லுங்க. ஊருக்கே தெரிஞ்ச வார்த்தை. பொறுன்னு அர்த்தம். பொறுங்க டீச்சர், வராதியன்னு அர்த்தம். அவிய கிளம்பி வந்துட்டாவ. கோலை ஒரு துண்டுல சுத்தி இடுப்புல கட்டிக்கிட்டு, குடையைப் பிடிச்சுக்கிட்டு, தரைப்பாலத்துல இறங்கிட்டாவ. அந்தக் கரையில ஆடு மேய்க்கிறவரு ஒருத்தர் பாத்திருக்காரு, கத்தியிருக்காரு, மழையில கேக்கலை. பாதிப் பாலம் வந்தாவளாம். குடை முதல்ல போச்சாம்.

நான் டீச்சர் வரட்டும்னு சொன்னேனா? கோல் வரட்டும்னுதானே சொன்னேன்.

மாசானம் கோலுக்காகக் காத்துட்டு எஞ்சின்லயே இருந்திருக்காரு. தண்ணி சக்கரத்தைத் தாண்டி அடுப்புக்கு வந்துட்டு. பச்சத்தண்ணி சூடான அடுப்புல பட்டா என்ன ஆகும்னு உங்களுக்குச் சொல்லவேண்டாம். நெருப்பை இழுத்துக் கீழ தள்ளிட்டு, ஆவியைத் திறந்து விட்டுட்டு, நெஞ்சளவு தண்ணியில நீந்திப் போய்க் குடோன் கூரையில ஏறிக்கிட்டாரு. மறுநாள் படகு போட்டுத்தான் இறக்கினாங்க. அவரு என்கிட்ட பேசறதில்ல. அவரு வீட்டுக்கு நான் போனேன். கட்டில்ல சுவத்தைப் பாத்துப் படுத்துக்கிட்டாரு. "கிளப்பியிருக்கணும்"னு சுவத்துகிட்ட சொன்னாரு. என்னைத் திட்டியிருந்தா சரின்னு வந்திருப்பேன். அவரையே அவரு திட்டிக்கிட்டாரு.

தண்ணி வடிஞ்ச பொறவு டீச்சரைக் கருவேலங்காட்டுல எடுத்தாங்க. அடக்கத்துக்குச் சங்கத்து ஆளுங்க முப்பத்தி நாலு பேரும் வந்திருந்தாங்க. சேத்துக் காலோட நின்னாங்க, யாரு வீட்டுலயும் துவைச்ச துணி கிடையாது. நானும் நின்னேன். டீச்சர் வீட்டுக்காரரு தங்கையா அண்ணன், அவருகிட்ட போய்க் கையைப் பிடிச்சுத் துக்கம் சொன்னேன். சொல்லிட்டு, மெதுவா, பக்குவமாத்தான் கேட்டேன். டீச்சர் இடுப்புல ஒரு கோல் இருந்திருக்குமே, அதைப் போலீஸ்காரங்க வாங்கி வச்சிருக்காங்களா, இல்ல வீட்டுக்குக் குடுத்துட்டாங்களான்னு கேட்டேன்.

நான் என்ன தங்கத்தையா கேட்டேன்? அது சங்கத்துப் பொருள். யாராவது கேக்கணும்லா. பின்னாடி ஒரு நாள் கேட்டா மறந்து போகும், எவனாவது பித்தளைன்னு எடைக்குப் போட்டுருவான். அவரு என்னைப் பாத்துட்டே இருந்தாரு. பக்கத்துல நின்ன மருந்துக்கடைக்காரரு என் தோள்ல கையை வச்சுத் தள்ளின மாதிரி தள்ளிக்கிட்டு வெளிய கொண்டு போய் விட்டாரு. அதோட சரி. அடுத்த நாள் ஷெட்டுக்கு யாரும் வரலை.

நான் சங்கத்து வாட்ஸப் குரூப்ல போட்டேன். எஞ்சின் சேத்துல நிக்குது, எல்லாரும் வரணும், வராதவங்க காரணம் சொல்லணும்னு போட்டேன். ஒவ்வொருத்தரா குரூப்பை விட்டு வெளிய போனாங்க. காரணம் சொல்லலை. பாலிடெக்னிக் பையன் ஒருத்தன் மட்டும் போறதுக்கு முன்னாடி எழுதினான், "கோல் வரட்டும் சார்"னு. இப்ப அந்தக் குரூப்ல நான் ஒருத்தன்தான் இருக்கேன். தினம் காலையில யாரு யாருக்கு என்ன வேலைன்னு இன்னும் போட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். எப்பவாவது யாராவது திரும்பி வந்தா வேலை தெரியணும்லா.

சிரிக்காதிய. சிரிக்கலையா, சரி.

தனியா நின்னு அள்ளினேன் அண்ணாச்சி. எனக்கு அறுபத்தேழு வயசு. ஒரு பக்கம் அள்ளினா மறுபக்கம் சரியுது. கம்பியை விட்டுக் குழாயைக் குத்தினா களிமண்ணு ஒரு விரல்கடை வருது. கரையான் புத்துல குச்சியை விட்ட மாதிரி. ஒரு நாள் சக்கரத்துல சாஞ்சு உக்காந்து வாய்விட்டு அழுதேன். யாரு பாக்கப் போறா. போகட்டும், லாரிக்காரன் வந்து தூக்கிட்டுப் போகட்டும்னு நினைச்சேன். அன்னைக்குத்தான் அவரு வந்தாரு.

நீங்க பாத்தியள்லா, மூலையில குனிஞ்சு அள்ளிட்டு இருந்தவரு. அவருதான் தங்கையா அண்ணன். டீச்சர் வீட்டுக்காரரு.

அவரு சங்கத்துல உறுப்பினரே கிடையாது. ஒரு நாளும் வண்டியில ஏறினதில்ல. "ஞாயித்துக்கிழமையானா சர்ச்சுக்கு வாரதை விட்டுட்டுப் புகையைக் குடிக்கப் போறா"ன்னு டீச்சரைக் கோவிப்பாராம். அவரு மண்வெட்டியும் சட்டியும் எடுத்துக்கிட்டு வந்து நிக்காரு. திட்ட வந்திருக்காருன்னு நினைச்சேன். நல்லதுன்னு நினைச்சேன். என்கிட்ட பதில் இருந்துது. விதி இன்னது, வார்த்தைக்கு அர்த்தம் இன்னது, ஊருக்கே தெரியும், எல்லாம் வரிசையா மனசுல வச்சிருந்தேன். அவரு கேக்கவே இல்ல. வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டுச் சேத்துல இறங்கிட்டாரு.

தினம் வாராரு. பேச்சே கிடையாது. நான் அள்ளுதேன், அவரு அள்ளுதாரு. நான் அந்தப் பக்கம் போனா அவரு இந்தப் பக்கம் வாராரு. மத்தியானம் ஆனா தூக்குவாளியைத் திறந்து ரெண்டு தட்டுல சோறு வைக்காரு. முதல் நாள் வேண்டாம்னேன். "ரெண்டு பேருக்குத்தான் பொங்கத் தெரியுது சார், ஒரு ஆளுக்கு அளவு வரமாட்டேங்குது"ன்னாரு. மிச்சமானா கொட்டணும்லான்னாரு. அதனால சாப்பிடுதேன். என்ன செய்ய? தினம் அவரு எதிர்ல உக்காந்து அதைத் தின்னுதேன். அவரு கைப்பக்குவம் நல்லாத்தான் இருக்கு.

இன்னைக்குக் காலையில, நீங்க வாரதுக்குக் கொஞ்சம் முன்னாடி, அவரு மண்வெட்டியைச் சாத்தி வச்சுட்டு என் பக்கத்துல வந்தாரு. "சார், ஒண்ணு சொல்லணும், சொன்னா என்னை வெறுத்துருவிய"ன்னாரு.

என்ன சொன்னாரு தெரியுமா? டீச்சர் என்கிட்ட பேசிட்டு போனை வச்சுட்டு, "சார் பொறுக்கச் சொல்லிட்டாரு"ன்னு சொன்னாவளாம். சொல்லிட்டு உள்ள போய் வெங்காயம் நறுக்க உக்காந்துட்டாவளாம். கேட்டியளா? டீச்சருக்குச் சரியாத்தான் விளங்கியிருக்கு. இவருதான், தங்கையா அண்ணன்தான் சொல்லியிருக்காரு. "நீ என்ன டீச்சரு, கோலை மடியில வச்சிருக்கிறவகிட்ட கோல் வரட்டும்னு சொன்னா, கொண்டு வான்னுதானே அர்த்தம்? உன்னால ஒரு எஞ்சின் முங்கிச்சுன்னு பேரு வரணுமா? போய்க் குடுத்துட்டு வந்துரு. எனக்குக் கால் வீங்கி இருக்கு, இல்லைன்னா நானே போயிருவேன்." அப்படின்னு சொல்லி, குடையை எடுத்துக் கையில குடுத்திருக்காரு.

"நான்தான் சார் அவளை அனுப்பினேன்"னாரு. "நீங்க சரியாத்தான் சொல்லியிருக்கிய. நான்தான் அர்த்தத்தை மாத்திட்டேன். ஊரே உங்களைப் பேசுது, நான் வாயை மூடிக்கிட்டு இருந்துட்டேன். அந்தப் பாவத்துக்குத்தான் இந்தச் சேத்தை அள்ளுதேன். என்னை மன்னிச்சிரணும்"னாரு.

அண்ணாச்சி, இதைத்தானே நான் இத்தனை நாளா சொல்லிக்கிட்டு இருக்கேன். பொறுன்னுதான் அர்த்தம்னு. டீச்சர் வீட்டுக்காரரு வாயாலயே வந்துட்டு. இதை முப்பத்தி நாலு பேருகிட்டயும் அவரு சொன்னாருன்னா, மாசானம் காதுல போட்டாருன்னா, அத்தனை பேரும் நாளைக்குக் காலையில மண்வெட்டியோட நிப்பாங்க. சொல்லுதேன்னும் சொல்லிட்டாரு. வீடு வீடாப் போய், நான்தான் அனுப்பினேன்னு சொல்லி எல்லாரையும் கூட்டிட்டு வாரேன்னாரு. எஞ்சின் பிழைச்சிரும். நீங்க கேட்ட ஆளு வந்துரும். நான் நினைச்சதுக்கு மேலயே நடந்துட்டு.

நான் என்ன சொன்னேன்னு கேளுங்க. "மனசுல வச்சுக்காதிய அண்ணே, நான் மன்னிச்சிட்டேன்"னேன். அவரு என் கையை, இந்தச் சேத்துக் கையைப் பிடிச்சுக் கண்ணுல ஒத்திக்கிட்டாரு.

சந்தோஷமால்லா இருக்கணும் எனக்கு. அவரு இப்ப அங்க உக்காந்து யாரு வீட்டுக்கு முதல்ல போகலாம்னு யோசிச்சுக்கிட்டு இருப்பாரு. ஆனா எனக்கு அந்த ஷெட்டுக்குள்ள போக முடியலை. நீங்க பையை எடுத்துட்டு நடந்ததும், உங்களை நிறுத்தணும்னு ஓடி வந்தேன்னு நினைச்சிருப்பிய. நானும் அப்படித்தான் நினைச்சேன். எனக்கு வெளிய வரணும், அதான்.

நீங்க வாங்க அண்ணாச்சி. வேலை செய்யக்கூட வேண்டாம், சும்மா உக்காந்திருங்க. மூணு பேரா இருந்தா போதும்.

அந்தா வருது பாருங்க, இது நிக்கும். முன்னாடி வந்ததும் நிக்கிற பஸ்தான், நான்தான் சும்மா சொன்னேன்.

இருங்க, இருங்க, ஒரே ஒரு நிமிசம். அவரு இன்னொண்ணும் கேட்டாரு. அதை உங்ககிட்ட சொல்லாம விட்டுட்டேன். கையை விட்டுட்டு, கண்ணைத் துடைச்சுக்கிட்டு, சாதாரணமாத்தான் கேட்டாரு. "சார், போன்ல கடைசியா 'சீக்கிரம்'னு ஒரு வார்த்தை கேட்டுதுன்னு அவ சொன்னா. பொறுக்கச் சொல்றவரு சீக்கிரம்னு ஏன் சொல்லணும், அது எனக்கில்ல, சார் அவரு வீட்டுல யாருகிட்டயோ என்னமோ சொல்லிருக்காருன்னு அவளே சொன்னா. நான்தான் அதையும் சேத்துப் பிடிச்சுக்கிட்டு, பாத்தியா, சீக்கிரம் கொண்டு வரச் சொல்லுதாருன்னு அவளை விரட்டினேன். அது வீட்டுல சொன்னதுதானே சார்?"

ஆமா அண்ணே, வீட்டுலதான் சொன்னேன்னேன்.

ஏறுங்க, கண்டக்டர் பாக்காரு. பெண்சாதி போய்ப் பன்னெண்டு வருசம் ஆச்சு. பிள்ளை கிடையாது. என் வீட்டுல நான் ஒருத்தன்தான் அண்ணாச்சி.